லாட்ஜ் வாசலிலிருந்து 15 நிமிடம்

கேள்வி: எனக்கு 36 வயது. வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கோவையில் ஒரு பம்புசெட் கம்பெனியில் சர்வீஸ் வேலை. மாதத்தில் 12 நாளாவது கொச்சி, திருவனந்தபுரம், திருச்சூர், திருப்பதி, ஹைதராபாத் என்று சுற்றவேண்டியிருக்கிறது. வீட்டில் இருந்தால் வாய்க்கால் கரையில் வாரம் நாலு நாள் 5 கி.மீ. ஓடுவேன். வெளியூர் போனால் எல்லாம் நின்றுவிடுகிறது. எங்கே ஓடுவது என்று தெரிவதில்லை. திருப்பதியில் ஒருநாள் விடியற்காலையில் நாலைந்து நாய்கள் துரத்தி, கீழே விழாத குறை. ரோட்டோரம் ஓடினால் வலது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறது. வாய்க்கால் கரையில் அந்த வலி இல்லை. ட்ரெட்மில் எனக்குச் சரிப்படவில்லை. புது ஊரில் ஓடுவதற்கு நல்ல பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி? கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: முழங்காலில் இருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பாதைக் கேள்விக்குப் பாதி விடை அதில் இருக்கிறது.

கரையில் வலிக்காத முழங்கால் ரோட்டோரத்தில் வலிக்கிறது என்றால் முதலில் ரோட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். தார் ரோடு தட்டையாகத் தெரியும், ஆனால் தட்டை இல்லை. மழைத் தண்ணீர் நிற்கக்கூடாது என்று நடுவை மேடாக்கி இரண்டு ஓரத்தையும் சரித்துத்தான் போடுவார்கள். ஓரத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்துப் பாருங்கள், உருண்டு மண்ணுக்குப் போய்விடும். எதிரே வரும் வண்டி கண்ணில் படவேண்டும் என்பதற்காக வலது ஓரமாக ஓடுவீர்கள். அது சரியான பழக்கம். ஆனால் போகும்போதும் வலது ஓரம், திரும்பும்போதும் வலது ஓரம் என்றால் வலது கால் முழுநேரமும் பள்ளத்தில், இடது கால் முழுநேரமும் மேட்டில். 5 கி.மீ. ஓடுவதற்குள் ஒவ்வொரு காலும் 2,500 தடவைக்கு மேல் தரையில் இறங்குகிறது. அத்தனை தடவையும் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது.

இடுப்பு எலும்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி முழங்காலுக்குக் கீழே முடியும் பட்டையான தசைநார் ஒன்று உண்டு. முழங்காலை மடக்கி நீட்டும் ஒவ்வொரு முறையும் அது முழங்காலின் வெளிப்புற எலும்புமேட்டை அழுத்தும். சரிவில் ஓடினால் அந்த அழுத்தம் ஒரு பக்கமாகக் கூடும். இந்த வலிக்கு ஓர் அடையாளம் இருக்கிறது: ஓட ஆரம்பிக்கும்போது இருக்காது, குறிப்பிட்ட தூரம் வந்ததும், பெரும்பாலும் அதே இடத்தில், ஊசி குத்துவதுபோல் தலைகாட்டும், இறக்கத்தில், படி இறங்கும்போது இன்னும் குத்தும். உங்களுக்கு அப்படித்தான் என்றால் 3 கி.மீ.யில் வலி வருகிறபோது இரண்டரையிலேயே நிறுத்தி நடந்துவிடுங்கள். முட்டி வீங்கினாலோ, மடக்க முடியாமல் சிக்கிக்கொண்டாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ கதை வேறு, நேரில் காட்டவேண்டும்.

ஆகவே புது ஊரில் நீங்கள் தேடவேண்டியது அழகான பாதை அல்ல, வண்டி வராத, சரிவு இல்லாத, சுற்றிச்சுற்றி வரக்கூடிய சின்னப் பாதை. 2 கி.மீ. சுற்றுக் கிடைத்தால் போதும். ஒருநாள் இடமாகவும் மறுநாள் வலமாகவும் சுற்றலாம், எந்தக் கட்டத்திலும் லாட்ஜ் தூரத்தில் இல்லை, வயிறு கலக்கினாலும் பரவாயில்லை. (இந்தக் கடைசிக் காரணத்தை யாரும் எழுதிக் கேட்பதில்லை. ஆனால் வெளியூர்ச் சாப்பாட்டுக்கு மறுநாள் காலையில் ஓடுகிற எல்லோருக்கும் அது தெரியும்.)

அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பலர் ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதியும் ஸ்ட்ராவா செயலியின் ஹீட்மேப்பை (ஆட்கள் அதிகம் போன பாதை பளிச்சிடும் வரைபடம்) திறந்து எந்தக் கோடு பளிச்சென்று இருக்கிறதோ அங்கே போய்விடுகிறார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் பளிச்சிடும் கோடுகளில் பாதி, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்கள் போன தேசிய நெடுஞ்சாலை. வரைபடத்தில் ஓட்டம் மட்டும் என்று பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படிப் பார்த்தால் சின்ன ஊர்களில் ஒன்றுமே இருக்காது. அங்கே காலையில் நடக்கிற முந்நூறு பேரில் ஒருவர்கூட அந்தச் செயலியை வைத்திருக்கமாட்டார். ஆகவே ஹைதராபாத், கொச்சி போன்ற ஊர்களுக்கு ஹீட்மேப். மற்ற ஊர்களுக்கு சாட்டிலைட் படம்.

சாட்டிலைட் படத்தைப் படிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். கூகுள் மேப்ஸில் லாட்ஜைச் சுற்றி 2 கி.மீ. அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பள்ளிக்கூடம், கல்லூரி, கோயில் மைதானம் எதுவாவது இருந்தால் அதன் ஓரத்தைக் கவனியுங்கள். புல்லுக்கு நடுவே பழுப்பாக, முட்டை வடிவத்தில் தேய்ந்த கோடு தெரிந்தால் அங்கே தினமும் ஆட்கள் சுற்றுகிறார்கள் என்று அர்த்தம். எந்தச் செயலியும் சொல்லாத தகவல் அது. ஏரி, வாய்க்கால் இருந்தால் கரையைப் பாருங்கள். இணையாக இரண்டு கோடு போனால் டிராக்டர் போகும் கரை, ஓடலாம். மெல்லிய ஒற்றைக்கோடு என்றால் ஆடுமாடு போன தடம். முழங்கால் உயரப் புல்லும் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலையும்தான். மதகு, ஷட்டர் வருகிற இடத்தில் கோடு அறுந்து மறுகரையில் தொடரும். அந்த இடத்தில் தாண்ட வழி இருக்கிறதா என்று பார்க்காமல் போனால் 1 கி.மீ. திரும்பி வரவேண்டியிருக்கும். படத்தில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்தால் குறி விழும். அங்கிருந்து தூரத்தை அளக்கும் வசதியும் அதிலேயே உண்டு. சுற்றை விரலால் வரைந்து அளந்துவிடுங்கள்.

உங்கள் ஊர்க்காரருக்கு ஓர் எச்சரிக்கை. தேடும்போது வெறுமனே சித்தூர் என்று போட்டால் பாலக்காட்டிலுள்ள உங்கள் தாலுகா வருகிறதா, ஆந்திராவின் சித்தூர் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்காமல் ‘வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல ஸ்டேடியம்’ என்று சந்தோஷப்பட வேண்டாம்.

படம் பார்த்ததும் ஒரு மனிதரைக் கேளுங்கள். லாட்ஜ் ரிசப்ஷனில் ‘ஓடுவதற்கு இடம் இருக்கிறதா?’ என்று கேட்டால் ஜிம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்வார்கள். கேள்வியை மாற்றுங்கள்: ‘காலையில் பெரியவர்கள், லேடீஸ் எல்லாம் எங்கே வாக்கிங் போவார்கள்?’ இதை இராத்திரி வாட்ச்மேனிடமும் முதல் டீக்கடையிலும் கேட்க வேண்டும்; அவர்கள்தான் ஐந்து மணிக்கு விழித்திருப்பவர்கள். பெண்களும் வயதானவர்களும் தினம் போகிற இடம் என்றால் வெளிச்சம் இருக்கும், நாய்த்தொல்லை குறைவாக இருக்கும், அவசரத்துக்கு ஆள் இருக்கும். மலையாளம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தெலுங்கில், ‘பொத்துன்னே வாக்கிங்கிகி எக்கட வெள்தாரண்டி?’ என்றால் போதும். அடுத்த கேள்வி, ‘குக்கலு எக்குவனா?’ நாய்கள் ஜாஸ்தியா என்று கேட்கத் தவறாதீர்கள்.

இனி நீங்கள் போகும் ஊர்கள்.

திருவனந்தபுரத்தில் கம்பெனி உங்களைத் தம்பானூர்ப் பக்கம்தான் தங்கவைக்கும். அங்கிருந்து ஏறக்குறைய 3 கி.மீ.யில் மியூசியம் வளாகம். ராபர்ட் சிசோம் வரைந்து 1880இல் கட்டிமுடித்த நேப்பியர் மியூசியத்தைச் சுற்றி மர நிழலில் பாதை, பக்கத்திலேயே கனகக்குன்னு. விடிவதற்கு முன்பே நடக்கிறவர்கள் வந்துவிடுவார்கள். கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஓடாதீர்கள். அங்கே வார்ம்-அப், பிறகு வெள்ளையம்பலம் போய் கவடியார் வரை அகலமான சாலையில் நடைபாதையோடு ஒன்றரை கி.மீ.க்குள், அங்கிருந்து திரும்பி வாருங்கள். ஊரே ஏற்ற இறக்கம். கொழிஞ்சாம்பாறைச் சமவெளிக் காலுக்கு இது புதிது, முதல் நாள் ஏற்றத்தில் வேகத்தைப் பார்க்கவே வேண்டாம். உங்கள் முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் தொல்லை. இறக்கத்தில் அடியைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள்.

கொச்சியில் மரைன் டிரைவ் நடைபாதை எல்லோருக்கும் தெரியும். கல் பதித்த தரை, நடுநடுவே வளைந்த பாலங்கள். மழைக்காலத்தில் அந்தக் கல்லில் பாசி பிடிக்கும், பாலத்தின் இறக்கத்தில் எத்தனை விலையுயர்ந்த ஷூவும் வழுக்கும். அங்கே ஓடுவதென்றால் பாலத்தில் நடந்து இறங்குங்கள். கோஸ்ரீ பாலத்தை ஒட்டிய சாத்தியாத்து ரோட்டுக் காயலோர நடைபாதை, குயின்ஸ் வாக்வே, எனக்கு அதைவிட மேல்: நேராகப் போகும், தட்டை, காற்று வரும். இரண்டும் தூரம் என்றால் சுபாஷ் பூங்காவுக்குள் சுற்றுங்கள், ஆனால் கதவு திறக்கும் நேரத்தை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் குதித்துக்கொண்டு நின்றால் பத்து நிமிடம் போகும்.

திருச்சூர்தான் இந்தப் பட்டியலில் சுலபம். வடக்குந்நாதன் கோயிலைச் சுற்றி 65 ஏக்கர் தேக்கின்காடு மைதானம், அதைச் சுற்றி சுவராஜ் ரவுண்டு, ஒரு சுற்று 2 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ரயில் நிலையத்துப் பக்கம் எங்கே தங்கினாலும் நடந்தே வரலாம். ரோட்டை விட்டு மைதானத்துக்குள் மண் தடத்தில் ஓடுங்கள். மர வேர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வெளுக்கும்வரை காத்திருப்பது நல்லது. பூரம் நடக்கும் மேட (சித்திரை) மாதத்தில் அந்த நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம்.

ஹைதராபாத்தில் பஞ்சாரா ஹில்ஸ், ஜூப்ளி ஹில்ஸ் பக்கம் வேலை என்றால் கே.பி.ஆர். பூங்கா. உள்ளே போக டிக்கெட், திறப்பு நேரம் எல்லாம் உண்டு. வெளிச்சுற்று நடைபாதைக்கு அவை இல்லை. சுற்று 5 கி.மீ.க்கு மேல் என்பதால் வலி வந்தால் குறுக்கே வழியில்லை, பாதியில் திரும்பினாலும் அதே தூரம். முதல் நாள் 15 நிமிடம் போய்த் திரும்பி வந்துவிடுங்கள். செகந்திராபாத் பக்கம் என்றால் ஹுசேன் சாகர் ஓரத்து நெக்லஸ் ரோடு. ஜனவரிக் காலையில் அங்கே 15 டிகிரி அளவுக்கு இறங்கும். நமக்குக் குளிர் என்று ஸ்வெட்டரோடு ஓடாதீர்கள், பத்து நிமிடத்தில் அதைக் கழற்றி இடுப்பில் கட்டவேண்டி வரும். முழுக்கை பனியன் போதும்.

திருப்பதி கொஞ்சம் யோசிக்கவேண்டிய ஊர். ‘அலிப்பிரி படி ஏறினால் நல்ல உடற்பயிற்சிதானே?’ என்று பலர் கேட்கிறார்கள். 3,550 படி. அது வேண்டுதலோடு வெறுங்காலில் போகிறவர்களின் பாதை. அங்கே வாட்சைப் பார்த்துக்கொண்டு ஓடுவது அழகல்ல. தவிர, அது காட்டுக்குள் போகும் பாதை. 2023இல் சிறுத்தை தாக்கிய பிறகு நேரக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தார்கள். ஏறவேண்டும் என்றால் ஒருநாள் பக்தராக ஏறுங்கள், அடுத்த 2 நாள் ஓடாதீர்கள், தொடை அனுமதிக்காது. ஓட்டத்துக்கு ஊருக்குள் பல்கலைக்கழக, கல்லூரி மைதானங்களைப் பாருங்கள். காவலரிடம் கேட்டுவிட்டு உள்ளே போவது மரியாதை. 400 மீட்டர் தடம் கிடைத்தால் உள்வரிசையை வேகமாக ஓடுகிறவர்களுக்கு விட்டு வெளிவரிசையில் ஓடுங்கள். எட்டாவது வரிசையில் ஒரு சுற்று 450 மீட்டருக்கு மேல் வரும், கணக்குப் போடும்போது அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊரானாலும் முதல் நாள் ஓட்டம் தூரக்கணக்கில் இருக்கக்கூடாது, நிமிடக் கணக்கில் இருக்கட்டும். லாட்ஜ் வாசலில் இருந்து 15 நிமிடம் போக, 15 நிமிடம் திரும்ப. முதல் 5 நிமிடம் வேகமான நடை. ராத்திரி பஸ்ஸில் 7, 8 மணி நேரம் மடக்கிவைத்த கால் அது. கெண்டைக்காலும் இடுப்பு முன்பக்கமும் இறுகியிருக்கும். இறங்கிய அன்று வேகப்பயிற்சி செய்கிறவர்கள்தான் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு விஷயம் கவனம்: நீண்ட பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, அழுத்தினால் வலித்தால் அது தசைப்பிடிப்பு என்று நீவிவிடாதீர்கள். இரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றே மருத்துவமனை, மூச்சும் வாங்கினால் உடனே.

அந்த முதல் 30 நிமிடத்தில் பாதையைப் படியுங்கள். எங்கே விளக்கு எரியவில்லை, எந்த இறைச்சிக்கடை வாசலில் நாய்கள் கூடியிருக்கின்றன, எங்கே ஸ்லாப் உடைந்திருக்கிறது, எந்தச் சந்திலிருந்து பால்வண்டி வேகமாகத் திரும்புகிறது. உங்கள் சித்தூர்ப் பக்கம் விடியலில் கள் வண்டிகள் எப்படிப் பறக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வோர் ஊருக்கும் அப்படி ஒரு வண்டி உண்டு. கொச்சியில் மீன் வண்டி. வலது ஓரம் என்ற விதிக்கும் விலக்கு ஒன்று: ரோடு வலப்பக்கமாக வளைந்து, வளைவில் மதிலோ மேடோ மறைத்தால் எதிரே வருகிறவருக்கு உங்களைத் தெரியாது. வளைவுக்கு 50 மீட்டர் முன்பே இடப்பக்கம் மாறிவிட்டு, நேரானதும் திரும்பி வாருங்கள்.

விடியும் நேரத்தையும் பாருங்கள். ஜூனில் கொச்சியில் சூரியன் எழ 6 மணி தாண்டிவிடும். விசாகப்பட்டினத்தில் ஐந்தரைக்கு முன்பே எழுந்துவிடும். ஜனவரியில் கொச்சியில் 6.40க்கும் மேல். ‘எப்போதும் ஐந்தே கால்’ என்று பழகியவர் ஜனவரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டில் ஓடவேண்டிவரும். திருப்பதியில் நீங்கள் மாட்டியதும் பெரும்பாலும் இதனால்தான். ஆட்கள் நடமாட ஆரம்பிக்கும்வரை தெரு நாய்களுடையது. அரை மணி தாமதமாகக் கிளம்புவதுதான் முதல் மருந்து.

மீறி எதிர்ப்பட்டால்: நின்றுவிடுங்கள். ஓடுகிற எதையும் துரத்துவது அவற்றின் பழக்கம். நின்றால் பாதி வேகம் அடங்கும். முதுகைக் காட்டாமல், கண்ணுக்குள் முறைக்காமல், பக்கவாட்டில் மெல்லப் பின்வாங்குங்கள். கல் எடுப்பதுபோல் குனிந்தால் பெரும்பாலானவை விலகும். உண்மையிலேயே எறிந்தால் கூட்டம் கூடும். நாய்களின் எல்லை முடிந்ததும் அவை நின்றுவிடும், அந்த 30, 40 மீட்டரை நடந்தே கடக்கவேண்டும். அந்தத் தெருவில் மறுநாள் போகாதீர்கள்.

கடித்தாலோ, நகம் கீறி இரத்தம் கசிந்தாலோ, குழாய்த் தண்ணீர் ஓடவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்து 15 நிமிடம். பலரும் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், கட்டும் போடவேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவை. தரவில்லை என்றால் கேளுங்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28ஆம் நாட்களில் ஊசி. தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28. உங்களைப் போல் ஊர்சுற்றுகிறவர்கள் தவறுவது இங்கேதான். திருப்பதியில் முதல் ஊசி போட்டுவிட்டு மூன்றாம் நாள் கொச்சியில் இருப்பீர்கள், ‘ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம்’ என்று தோன்றும். வேண்டாம். சீட்டைக் காட்டி, இருக்கும் ஊரிலேயே அதே முறையில் தொடருங்கள். சீட்டை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க இப்படி ஓடப்போகிறீர்கள் என்றால் கடிக்கும் முன்பே போட்டுக்கொள்ளும் ஊசி பற்றி மருத்துவரிடம் பேசுவதில் தவறில்லை.

கடற்கரை ஊர்களின் புழுக்கம் உங்களுக்கு இன்னொரு சிக்கல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வியர்வை வந்ததும் காய்ந்துவிடும், அதனால்தான் உடம்பு குளிர்கிறது. கொச்சியில் வியர்வை சொட்டும், காயாது. சொட்டிய வியர்வையால் உடம்பு குளிராது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். கி.மீ.க்கு 20 முதல் 40 விநாடி மெதுவாக ஓடுங்கள், பக்கத்தில் ஒருவர் வந்தால் முழு வாக்கியமாகப் பேசமுடிகிற வேகம். உடம்பு புழுக்கத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். 3 நாள் தங்குகிற உங்களுக்கு அது நடக்காது, ஆகவே வீம்பு வேண்டாம். தலை சுற்றல், வியர்வையோடு சிலிர்ப்பு, பேச்சுக் குழறல் வந்தால் உடனே நிறுத்தி நிழல், தண்ணீர் ஊற்றுதல்.

30, 40 நிமிட ஓட்டத்துக்குத் தண்ணீர் பாட்டில் சுமக்கத் தேவையில்லை. கிளம்ப அரை மணி முன்பு ஒரு பெரிய டம்ளர், வந்ததும் தாகத்துக்கு. எவ்வளவு வியர்க்கிறது என்று அறிய ஒருநாள் ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் போயிருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் உண்டு, உப்பு குறைவு. கொச்சிப் புழுக்கத்துக்கு உப்புப் போட்ட சம்பாரம் (நீர்மோர்) அதைவிட உதவும். ஓ.ஆர்.எஸ். வாங்கினால் 1 லிட்டர் பாக்கெட்டை 1 லிட்டரில்தான் கரைக்கவேண்டும். ‘ஸ்ட்ராங்காக’ அரை லிட்டரில் கரைத்தால் குமட்டும், வயிறும் போகும்.

கேரளத்தில் மழைக்காலம் என்றால் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஓடாதீர்கள். அடியில் மூடி இல்லாத சாக்கடை இருக்கலாம் என்பது ஒன்று, எலிக்காய்ச்சல் இன்னொன்று. காலில் சின்னக் கொப்புளம் உடைந்திருந்தாலே கிருமிக்குப் போதும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் வரும், அதோடு கெண்டைக்கால் கடுமையாக வலிக்கும். ஓடுகிறவர் அதை ‘ஓட்ட வலி’ என்று நினைத்து வலிமாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாளைக் கடத்துவார். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், தண்ணீரில் இறங்கியதைச் சொல்லி அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

வாய்க்கால் கரை, வயல் வரப்பு வெளியூரிலும் கிடைக்கும், ஆசையாக இருக்கும். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு மட்டும் போங்கள். கட்டுவிரியன் இருட்டில் நடமாடும் பாம்பு. கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் கூடாது. அசையாமல் உட்கார்ந்து 108ஐ அழையுங்கள். கேரளம், ஆந்திரா, தெலங்கானா எல்லாவற்றிலும் அதே எண். வாளையாறு, கஞ்சிக்கோடு, மலம்புழாவின் காட்டோரச் சாலைகளில் விடியற்காலை ஓட்டமே வேண்டாம், யானை நடக்கும் பாதை அது. ரயில் பாதையோரம் தட்டையாக, வண்டியில்லாமல் இருக்கிறதே என்று தோன்றும். ரயில்வே சட்டத்தில் 147ஆம் பிரிவுப்படி அத்துமீறல், அதைவிட முக்கியம், ஹெட்போனோடு ஓடுகிறவருக்கு ரயில் சத்தம் கேட்பதில்லை.

கையில் வைத்துக்கொள்ளவேண்டியவை குறைவு. ஷூ ஒரு ஜோடி, அதற்குள்ளேயே சாக்ஸைச் சுருட்டி வைத்தால் இடம் அடைக்காது. சீக்கிரம் காயும் பனியன் இரண்டு. தலையில் மாட்டும் விளக்கு, 100 லூமன் போதும். பின்புறம் மின்னும் பட்டை. ஜிப் பையில் லாட்ஜின் விசிட்டிங் கார்டு, அதன் பின்பக்கம் பேனாவில் பெயர், இரத்த வகை, வீட்டு எண். 200 ரூபாய், ஐம்பதும் பத்துமாக. போன் பூட்டியிருக்கும்போதும் அவசர எண் தெரியும்படி அமைத்துவைத்தால் போன் மட்டும் கிடைத்தவருக்கும் உதவும். ஒரு காதில்கூடப் பாட்டு வேண்டாம், தெரியாத ஊரில் காதுதான் பின்கண்.

ஷூ நனைந்தால் உள்தகட்டை உருவித் தனியே வையுங்கள், கயிற்றைத் தளர்த்தி நாக்கை வெளியே இழுத்து, செய்தித்தாளைக் கசக்கி முனைவரை திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தத் தாள் ஊறிப்போயிருக்கும், எடுத்துவிட்டுப் புதியது திணியுங்கள். பிறகு ஃபேனுக்குக் கீழே படுக்கவைத்தால் மறுநாள் காலைக்குள் போடலாம். ஹேர் டிரையர், கீஸர் மேல் வைப்பது, உச்சி வெயில் எல்லாம் பசையைப் பிரிக்கும்.

முழங்காலுக்கு லாட்ஜ் அறையிலும் படிக்கட்டிலும் செய்யக்கூடியவை மூன்று, ஒருநாள் விட்டு ஒருநாள். ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராக, குதிகால் சற்றுப் பின்னால் இருக்கும்படி தூக்கி இறக்குங்கள், 15 தடவை, 3 முறை. கால் முன்னால் வந்துவிட்டால் வேலை தொடைக்குப் போய்விடும், இடுப்புப் பக்கத் தசைக்குக் கிடைக்காது. சுவரில் முதுகை ஒட்டிப் படுத்துக் குதிகாலால் சுவரைத் தேய்த்துக்கொண்டே தூக்கினால் தப்பு நேராது. அடுத்தது, ஒரு படியில் ஒற்றைக்காலில் நின்று மறுகாலின் குதிகால் கீழ்ப்படியைத் தொடும்வரை மெல்ல இறங்கி ஏறுவது, 10 தடவை, 3 முறை. முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். மூன்றாவது, படி விளிம்பில் நின்று குதிகால் உயர்த்துவது, 15 தடவை, 3 முறை. செய்யும்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருந்து மறுநாள் காலையில் அடங்கிவிட்டால் தொடரலாம்.

வெளியூர் வாரத்தில் 2 அல்லது 3 ஓட்டம், ஒவ்வொன்றும் 30, 40 நிமிடம் போதும். ஒரு வாரம் முழுக்க விட்டுப்போனாலும் உடல்தகுதி பெரிதாகக் குறையாது. விட்டுப்போனதை ஞாயிற்றுக்கிழமை கரையில் 12 கி.மீ. ஓடி ஈடுகட்டுவதால்தான் முழங்கால் போகும். வீடு திரும்பிய முதல் ஓட்டமும் 5 கி.மீ.க்கு மேல் போகவேண்டாம், வாய்க்காலின் ஒரு கரையில் போய் மறுகரையில் திரும்புங்கள். 6 வாரம் இப்படிச் செய்தும் தட்டையான தரையிலேயே அதே இடத்தில் வலி வந்தால், ஓடித் தேய்ந்த ஷூவையும் கையில் எடுத்துக்கொண்டு பிசியோதெரபிஸ்டிடம் போங்கள்; குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அவர் முதலில் பார்ப்பார்.